பிள்ளைக்குக் காது வலியா? தோட்டத்துப் பட்டணத்தில் நடுச்செவித் தொற்றுக்கு வைத்தியம் பார்க்கும் வழி

இரவு இரண்டு மணிக்குப் பிள்ளை எழுந்து உட்கார்ந்து அழும். தூக்கிக்கொண்டு நடந்தால் கொஞ்சம் அடங்கும். படுக்கப் போட்டதும் மறுபடி வீல் என்று கத்தும். வயிற்று வலி என்று நினைத்து ஓமத் தண்ணீர் கொடுப்பீர்கள். பல் முளைக்கிறது என்பார் மாமியார். கண்பட்டுவிட்டது என்று உப்பு மிளகாய் சுற்றிப் போடுவார் பக்கத்து வீட்டு அக்கா. காலையில் பார்த்தால் தலையணையில் மஞ்சளாக ஒரு கறை. அப்போதுதான் காது என்று புரியும்.

என் மகளுக்கு அப்படித்தான் தெரியவந்தது. அப்போது அவளுக்கு இரண்டரை வயது. மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டை ஒட்டிய ஒரு செம்பனைத் தோட்டத்தில் எங்கள் வீடு. தோட்ட ஆபீசில் எனக்குக் கிராணி (எழுத்தர்) வேலை. அந்தக் கறையைப் பார்த்த நாளிலிருந்து ஈப்போ மருத்துவமனையில் "இனி வர வேண்டாம்" என்று சொன்ன நாள்வரை பதினோரு மாதம் ஆனது. அதில் பாதி நோய்க்குப் போனது, மீதி எங்கள் தெரியாத்தனத்துக்குப் போனது. அந்த மீதிப் பாதியை நீங்களாவது மிச்சப்படுத்துங்கள் என்றுதான் எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. டாக்டரிடம் எப்போது, எதை எடுத்துக்கொண்டு, என்ன கேட்கப் போக வேண்டும் என்பதை மட்டும் பட்டுத் தெரிந்துகொண்டவள்.

1. எந்த இடத்தில் வலி என்று பாருங்கள்

செவிப்பறைக்கு உள்ளே காற்று நிறைந்த ஒரு சின்ன அறை இருக்கிறது. அதுதான் நடுச்செவி. அங்கிருந்து மூக்கின் பின்பக்கத்துக்கு ஒரு குழாய் போகிறது. சளி பிடித்தால் அந்தக் குழாய் வீங்கி அடைத்துக்கொள்ளும். உள்ளே நீர் தேங்கும். அதில் கிருமி வளர்ந்தால் சீழாகிச் செவிப்பறையை வெளியே தள்ளும். வலி அதனால்தான். சிறு பிள்ளைகளுக்கு இந்தக் குழாய் குட்டையாகவும் கிட்டத்தட்டப் படுக்கைவாட்டிலும் இருப்பதால் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். ஆறு மாதத்திலிருந்து மூன்று வயதுவரை உள்ளவர்களுக்கு இது அதிகம் வருவது அதனால்தான்.

எனவே மூன்று நான்கு நாள் மூக்கு ஒழுகிய பிறகு திடீரென்று காய்ச்சலும் இரவு அழுகையும் வந்தால் முதலில் காதைச் சந்தேகப்படுங்கள். பால் குடிக்க மறுப்பது, படுத்தால் அழுவது, கூப்பிட்டால் திரும்பாமல் இருப்பது எல்லாம் அடையாளம். காதைப் பிடித்து இழுப்பதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். தூக்கம் வந்தால்கூடப் பிள்ளைகள் காதை இழுக்கும்.

வெளிக்காதில் வரும் தொற்று வேறு. ஆற்றில், நீச்சல் குளத்தில் ஆடிய பிறகு வருவது. காது மடலை லேசாக இழுத்தாலோ, காது ஓட்டையின் முன்னால் இருக்கும் சின்ன மொட்டை அமுக்கினாலோ பிள்ளை துள்ளினால் பெரும்பாலும் அதுதான். அதற்கு மருந்தும் வேறு. ஆனால் நீங்கள் வெளியிலிருந்து ஊகிக்கலாமே தவிர முடிவு சொல்ல முடியாது. விளக்கு வைத்த கருவியைக் காதில் வைத்துச் செவிப்பறையைப் பார்த்தால்தான் தெரியும்.

2. விடியும்வரை வலியைக் குறையுங்கள்

காது வலிக்கு அன்றிரவு வேண்டியது ஆன்டிபயாடிக் இல்லை, வலி மருந்து. ஆன்டிபயாடிக் கொடுத்தாலும் முதல் நாளில் வலி நிற்காது. இது தெரியாமல் நாங்கள் வீட்டில் பாராசிட்டமால் இருக்கும்போதே பிள்ளையை அழவிட்டுக்கொண்டு கிளினிக் திறக்கும்வரை காத்திருந்தோம்.

பாராசிட்டமாலை வயதுக்கு ஏற்ப இல்லாமல் எடைக்கு ஏற்பக் கொடுக்க வேண்டும். ஒரு கிலோ எடைக்கு ஒரு தடவைக்கு 15 மில்லிகிராம்வரை, நாலு முதல் ஆறு மணி நேர இடைவெளியில், 24 மணி நேரத்தில் நான்கு தடவைக்கு மேல் போகாமல். இங்கே ஒரு பொறி இருக்கிறது. கடையில் கிடைக்கும் சிரப் இரண்டு வலுவில் வருகிறது: 5 மில்லியில் 120 மில்லிகிராம் ஒன்று, 5 மில்லியில் 250 மில்லிகிராம் இன்னொன்று. 12 கிலோ பிள்ளைக்கு 180 மில்லிகிராம் என்றால் முதல் போத்தலில் 7.5 மில்லி, இரண்டாவதில் 3.6 மில்லிதான். எங்கள் வீட்டு அலமாரியில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. பாட்டி ஒன்றை எடுத்து மற்றதன் அளவில் ஊற்றப் போனதைக் கடைசி நொடியில் பார்த்தேன். இப்போது ஒரே வலுவைத்தான் வாங்குகிறேன். டீ கரண்டியால் அளக்காதீர்கள். மருந்தகத்தில் ஊசி இல்லாத சிரிஞ்ச் கேளுங்கள்.

இபுபுரூஃபனும் காது வலிக்கு நன்றாகக் கேட்கும். ஆனால் நம் ஊரில் ஒரு எச்சரிக்கை: காய்ச்சல் டெங்கியாக இருக்கலாம் என்று துளி சந்தேகம் இருந்தாலும் இபுபுரூஃபன் வேண்டாம், இரத்தக் கசிவு ஆபத்து இருக்கிறது. பக்கத்து லயத்து வீடுகளில் டெங்கி வந்து புகை அடித்துவிட்டுப் போயிருந்தால் பாராசிட்டமாலோடு நில்லுங்கள். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு இபுபுரூஃபனை டாக்டர் சொல்லாமல் கொடுக்கக் கூடாது. ஆஸ்பிரின் பிள்ளைகளுக்குக் கூடவே கூடாது.

தோளில் சாய்த்து நிமிர்ந்த வாக்கில் வைத்திருங்கள். வெதுவெதுப்பான துணியைக் காதின் மேல் வெளியே வைக்கலாம். அவ்வளவுதான் அன்றிரவுக்கு.

3. காதில் எதையும் ஊற்றாதீர்கள்

எங்கள் வீட்டில் பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெய் தயாராக இருந்தது. சிலர் தாய்ப்பால் பீச்சுவார்கள். சிலர் சாம்பிராணிப் புகையைக் காதுக்குள் ஊதுவார்கள். நல்ல மனதோடுதான் செய்கிறார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் தொற்று இருப்பது செவிப்பறைக்கு அந்தப் பக்கம். எண்ணெய் அங்கே போகாது. செவிப்பறையில் ஓட்டை விழுந்திருந்தால் போகும், போகவே கூடாத நேரம் அதுதான். இதற்கு மேல், எண்ணெய் பூசிய காதுக்குள் டாக்டருக்கு எதுவும் சரியாகத் தெரியாது. எங்களுக்கு நடந்தது இது: முதல் தடவை பார்த்த டாக்டர், "எண்ணெய்தான் தெரிகிறது" என்று இரண்டு நாள் கழித்து வரச் சொல்லிவிட்டார்.

கோழி இறகு, ஹேர்பின், பஞ்சுக் குச்சி, மெழுகுவத்தி வைத்தியம் எல்லாமே இந்தக் கணக்கில்தான் சேரும். பெரியவர்களிடம் சண்டை போட வேண்டாம். "டாக்டர் பார்க்கிறவரைக்கும் காதை உலர வைக்கச் சொன்னார்கள்" என்று டாக்டர் தலையில் பழியைப் போடுங்கள்; என் மாமியாரிடம் அது பலித்தது.

4. காலைவரை காத்திருக்கக் கூடாத நேரம்

இவற்றில் ஒன்று இருந்தாலும் கிளினிக் வேண்டாம், நேரே மாவட்ட மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்:

- காதுக்குப் பின்னால் எலும்பு மேட்டில் சிவப்பு, வீக்கம், அல்லது மடல் முன்னால் தள்ளிக்கொண்டு நிற்பது
- வாய் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கண் மூடாமல் இருப்பது
- கழுத்து விறைப்பு, ஓயாத வாந்தி, எழுப்ப எழுப்ப மயங்கித் தூங்குவது, வலிப்பு
- நிற்க முடியாத தலைசுற்றல்
- மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 38 டிகிரி காய்ச்சல்

முதலாவது முக்கியம். நடுச்செவியின் சீழ் பின்னால் இருக்கும் எலும்புக்குள் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். சொட்டு மருந்தால் சரியாகாது. வார்டில் சேர்த்து ஊசி வழியாக மருந்து ஏற்ற வேண்டும்.

இந்த அடையாளங்கள் எதுவும் இல்லாமல் வெறும் காது வலிக்கு அவசரப் பிரிவுக்குப் போனால் பச்சை மண்டலத்தில் உட்கார வைப்பார்கள். சிவப்பும் மஞ்சளும் முடிந்த பிறகுதான் பச்சை. நான் இரவு பதினொன்றுக்குப் போய் விடியற்காலை நாலுக்கு வீடு திரும்பியிருக்கிறேன். அவர்கள்மேல் குறை இல்லை. எதிரே விபத்துக் கேஸ் வந்துகொண்டே இருந்தது.

5. எங்கே போவது, எதை எடுத்துப் போவது, எவ்வளவு ஆகும்

பகலில் கிளினிக் கெசிஹாத்தான் என்ற அரசாங்க சுகாதார கிளினிக் போதும். குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் 1 வெள்ளி (ரிங்கிட்), மருந்தும் அதிலேயே அடக்கம். மைசெஜாத்ரா என்ற அரசாங்கச் சுகாதாரச் செயலியில் முன்பதிவு எடுக்கலாம். எடுக்காமல் நேரே போனால் காலை ஏழரைக்கே நம்பர் எடுக்க நின்றுவிடுங்கள். வெள்ளிக்கிழமை மதியம் இடைவேளை நீளம். பன்னிரண்டுக்குப் போனால் மூன்று மணிவரை சும்மா உட்கார வேண்டிவரும்.

தனியார் கிளினிக்கில் கூட்டம் குறைவு. எனக்கு மருந்தோடு சேர்த்து ஒரு தடவைக்கு 60 முதல் 90 வெள்ளிவரை ஆனது. மருந்தை அங்கேயே கொடுப்பார்கள். மருந்தின் பெயர், அளவு, தேதி எல்லாம் லேபிலில் இருக்கிறதா என்று அங்கேயே படித்துப் பாருங்கள். வெறுமனே "காய்ச்சல்", "சளி" என்று எழுதிய பிளாஸ்டிக் பையை வாங்கிக்கொண்டு வந்தால் அடுத்த டாக்டர் "முன்பு என்ன கொடுத்தார்கள்?" என்று கேட்கும்போது நீங்கள் விழிப்பீர்கள். நான் விழித்தேன்.

எடுத்துப்போக வேண்டியவை: பிள்ளையின் அடையாள அட்டை (மைகிட்), உங்கள் அடையாள அட்டை (மைகார்டு), பிறப்புப் பத்திரத்தின் நகல், பிள்ளையின் சுகாதாரப் புத்தகம் (ஆணுக்கு நீலம், பெண்ணுக்கு ரோஸ்). அந்தப் புத்தகத்தை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். தடுப்பூசி விவரமும் எடையும் அதில்தான் இருக்கின்றன. கூடவே, இதுவரை கொடுத்த மருந்து போத்தல்களைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தலையணைக் கறையையும்தான். சிரிக்காதீர்கள், டாக்டர் அதைப் பார்த்துவிட்டுத்தான் "செவிப்பறை வெடித்திருக்கிறது" என்றார்.

குடியுரிமைப் பத்திரம் சிக்கலில் இருக்கும் பிள்ளை என்றால் வெளிநாட்டவர் கட்டணம் கேட்கக்கூடும், அது பல மடங்கு. அந்த நிலையில் இருப்பவர்கள் காசுக்குப் பயந்து நாள் கடத்தாமல், போன உடனே மருத்துவமனையின் சமூக நல அதிகாரியைக் கேளுங்கள்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. பிள்ளைக்குக் கொடுக்கும் எம்.சி. (மருத்துவ விடுப்புச் சீட்டு) உங்களுக்குச் செல்லாது. உங்களுக்கு டைம் ஸ்லிப்தான் தருவார்கள், அதுவும் கேட்டால்தான். வந்த நேரம், போன நேரம் இரண்டும் எழுதி முத்திரை குத்தி வாங்குங்கள். நேரம் எழுதாத ஸ்லிப்பை நானே ஆபீசில் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

6. டாக்டரிடம் கேட்க வேண்டியது

முதல் கேள்வி: "காதுக்குள் பார்த்தீர்களா? செவிப்பறை எப்படி இருக்கிறது?" ஒரு கிளினிக்கில் என் மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, தொண்டையை எட்டிப் பார்த்து, ஆன்டிபயாடிக் எழுதி முடித்தார்கள். காதின் பக்கமே போகவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். சிவந்து வெளியே உப்பியிருந்தால் தொற்று. அழுத பிள்ளையின் செவிப்பறை அழுகையாலேயே கொஞ்சம் சிவக்கும். அது தொற்று ஆகாது.

அடுத்து ஆன்டிபயாடிக். எல்லாக் காது வலிக்கும் அது தேவையில்லை. இரண்டு வயது தாண்டிய, ஒரு காதில் மட்டும் லேசான வலியுள்ள, 39 டிகிரிக்குக் குறைந்த காய்ச்சல் உள்ள பிள்ளைக்கு வலி மருந்து மட்டும் கொடுத்து இரண்டு மூன்று நாள் பார்க்கலாம். நிறையப் பேருக்கு அதற்குள் தானாக விட்டுவிடும். டாக்டர் அப்படிச் சொன்னால் "மருந்தே கொடுக்காமல் அனுப்பிவிட்டார்" என்று கோபித்துக்கொண்டு அடுத்த கிளினிக்குக்கு ஓடாதீர்கள். "எத்தனை நாளில் குறையாவிட்டால் திரும்பி வர வேண்டும்?" என்று தேதியோடு கேட்டு வாங்குங்கள்.

ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தை, இரண்டு வயதுக்குள் இரண்டு காதிலும் தொற்று, சீழ் வடிதல், கடும் வலி, அதிகக் காய்ச்சல் என்றால் உடனே ஆரம்பிப்பார்கள். வழக்கமாக முதலில் கொடுப்பது அமொக்சிசிலின். போன ஒரு மாதத்துக்குள் அதையே குடித்திருந்தால் சொல்லுங்கள்; ஆக்மென்டின் போல வேறொன்றுக்கு மாற்றுவார்கள். பென்சிலின் ஒவ்வாமை இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்.

7. மருந்தை முடிக்கும்வரை

இரண்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு வழக்கமாகப் பத்து நாள், பெரிய பிள்ளைகளுக்கு ஐந்து முதல் ஏழு நாள். நாங்கள் செய்த பெரிய தவறு இங்கேதான். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது, பிள்ளை ஓடி விளையாடினாள், வயிற்றுப்போக்கு வேறு. நிறுத்திவிட்டோம். ஒன்பதாம் நாள் காய்ச்சலும் சீழும் திரும்பி வந்தன. லேசான வயிற்றுப்போக்கு இந்த மருந்தில் வருவதுதான். அடிக்கடி தண்ணீராகப் போனால் டாக்டரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். உடம்பில் தடிப்போ மூச்சுத் திணறலோ வந்தால் மட்டும் உடனே நிறுத்திவிட்டுப் போங்கள்.

மருந்துத் தூளில் தண்ணீர் கலந்த பிறகு அதற்கு ஆயுசு குறைவு. லேபிலில் எழுதியபடி ஐஸ்பெட்டியில் (ஃப்ரிட்ஜில்) வையுங்கள், கதவுப் பக்கம் இல்லாமல் உள்தட்டில். மிச்சத்தை அடுத்த தடவைக்கு வைக்காதீர்கள், அக்காள் பிள்ளைக்கும் கொடுத்து அனுப்பாதீர்கள். ஆரம்பித்து 48 மணி நேரம் தாண்டியும் வலியும் காய்ச்சலும் குறையவில்லை என்றால் திரும்பிப் போங்கள்.

8. சீழ் வடிந்தால்

இதில் ஒரு மயக்கம் இருக்கிறது. செவிப்பறை வெடித்துச் சீழ் வெளியே வந்ததும் வலி சட்டென்று நின்றுவிடும். பிள்ளை சிரிக்கும். நாம் குணமாகிவிட்டது என்று நினைப்போம். அந்த ஓட்டை பெரும்பாலும் சில வாரத்தில் தானாக மூடிக்கொள்ளும். ஆனால் மூடியதா என்று யாராவது பார்க்க வேண்டும். மூடாமல் இரண்டு வாரத்துக்கு மேல் வடிந்துகொண்டே இருந்தால், அதுவும் வலியில்லாமல் நாற்றத்தோடு வடிந்தால், நாள்பட்ட தொற்றாகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டத்தில் "அவனுக்குச் சின்ன வயசிலிருந்தே காதில் ஒழுகும்" என்று சாதாரணமாகச் சொல்வார்கள். அது சாதாரணம் இல்லை. உள்ளே தோல் உருண்டையாக வளர்ந்து எலும்பை அரிக்கும் வகையும் அதில் உண்டு.

சொட்டு மருந்தை நீங்களாக வாங்காதீர்கள். ஓட்டை இருக்கும் காதில் ஜென்டாமைசின், நியோமைசின் கலந்த சொட்டுகள் உள்செவியைக் கெடுக்கக்கூடும்; டாக்டர்கள் ஓஃப்லொக்சசின் போன்றவற்றைத்தான் எழுதுவார்கள். போத்தலைக் கைக்குள் ஐந்து நிமிடம் வைத்துச் சூடாக்குங்கள், குளிர்ந்த சொட்டு தலையைச் சுற்றவைக்கும். வடிந்ததை வெளியே மட்டும் துடைத்து, பக்கவாட்டில் படுக்கவைத்துச் சொட்டுவிட்டு, காது மொட்டை நாலைந்து தடவை அமுக்கி, ஐந்து நிமிடம் அப்படியே வைத்திருங்கள். தலைக்கு ஊற்றும்போது வாஸ்லின் தடவிய பஞ்சை வெளியே அடைத்து, குளித்ததும் எடுத்துவிடுங்கள். ஆற்றுக் குளியலும் அருவிக் குளியலும் டாக்டர் சரி என்கிறவரை வேண்டாம். தீபாவளி எண்ணெய்க் குளியலை நாங்கள் அந்த வருடம் நெற்றியில் ஒரு பொட்டு எண்ணெயோடு முடித்துக்கொண்டோம்.

9. காய்ச்சல் விட்ட பிறகு: பிள்ளைக்குக் காது கேட்கிறதா?

யாரும் எங்களுக்குச் சொல்லாத படி இது.

தொற்று போன பிறகும் நடுச்செவியில் நீர் தேங்கி நிற்கலாம். வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது. காது மட்டும் மந்தமாகக் கேட்கும். பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் வற்றிவிடும், சிலருக்கு வற்றாது. பேச்சு வளரும் வயதில் இது நடப்பதுதான் சிக்கல்.

என் மகள் கூப்பிட்டால் திரும்பமாட்டாள். டிவி சத்தத்தைக் கூட்டுவாள். தாஸ்காவில் (குழந்தைகள் காப்பகத்தில்) ஆசிரியை, "பிடிவாதம் அதிகமாகிவிட்டது, சொன்ன பேச்சைக் கேட்கிறதில்லை" என்றார். நானும் இரண்டு தடவை அடித்துவிட்டேன், அதை இப்போது நினைத்தாலும் தாங்கவில்லை. ஒரு நாள் அவள் ஐந்தடி தூரத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு மரக்கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு மெதுவாக, "பாப்பா, ஐஸ்கிரீம் வேணுமா?" என்றேன். கட்டைதான் ஏறியது. இன்னொரு தடவை. நாலாவது கட்டை. மூன்றாம் தடவை சத்தமாகச் சொன்னதும் பொம்மை மாதிரி திரும்பி, "ஐஸ்கிரீமா?" என்றாள்.

நீங்களும் இதைச் செய்து பாருங்கள். வாயை மறைப்பது முக்கியம். பிள்ளைகள் உதட்டைப் பார்த்தே பாதி புரிந்துகொள்ளும். சந்தேகம் வந்தால் கிளினிக்கில், "தொற்றுக்குப் பிறகு காது கேட்பது குறைந்திருக்கிறது" என்று இதே வார்த்தையில் சொல்லுங்கள். "காதைப் பாருங்கள்" என்றால் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார்கள். சளி மருந்தும் இன்னொரு ஆன்டிபயாடிக்கும் இந்த நீரை வற்றவைக்காது, அதற்குச் செலவழிக்காதீர்கள்.

10. ஈப்போவுக்கு சூராட் வாங்குவது

அரசாங்க மருத்துவமனையின் காது மூக்கு தொண்டை நிபுணரிடம் நேரே போக முடியாது; சூராட் ருஜுக்கான் என்ற பரிந்துரைக் கடிதம் வேண்டும். அதை அரசாங்க கிளினிக்கில் வாங்குங்கள். நிபுணர் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு தடவைக்கு 5 வெள்ளி. தனியார் டாக்டர் எழுதிய கடிதத்தோடு போனால் முதல் தடவை 30 வெள்ளி. எங்களுக்கு ஏழு வாரம் கழித்துத் தேதி கிடைத்தது. கடிதத்தில் எத்தனை தடவை தொற்று வந்தது, எந்தத் தேதிகளில், சீழ் வடிந்ததா, பேச்சு எப்படி இருக்கிறது என்பதெல்லாம் எழுதியிருந்தால் வரிசையில் இடம் மாறும். எழுதச் சொல்லிக் கேளுங்கள். தனியார் நிபுணரிடம் அந்த வாரமே பார்க்கலாம்தான், ஆனால் செவிச் சோதனையும் சேர்ந்தால் சில நூறு வெள்ளி ஆகிவிடும். போன் செய்து இரண்டையும் சேர்த்து எவ்வளவு என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ முப்பது கிலோமீட்டர் போலத்தான். இருந்தாலும் முழு நாள் லீவு எடுங்கள். டாக்டரைப் பார்ப்பதற்கு முன் செவிச் சோதனைக்கு வேறு அறைக்கு அனுப்புவார்கள், பிறகு மறுபடி வரிசை. மாற்றுத் துணி, சாப்பாடு, பிள்ளைக்குப் பிடித்த ஒரு பொம்மை எடுத்துக்கொள்ளுங்கள். பசியோடு இருக்கும் பிள்ளை சோதனைக்கு ஒத்துழைக்காது. ஒத்துழைக்காவிட்டால் இன்னொரு தேதிதான்.

சோதனை வலிக்காது. முதலில் காதில் ஒரு ரப்பர் முனையை வைத்துச் சில நொடி காற்றழுத்தம் மாற்றிப் பார்ப்பார்கள். நல்ல காதுக்குத் தாளில் சின்ன மலை மாதிரி கோடு வரும். என் மகளுக்கு இரண்டு பக்கமும் சாலை மாதிரி தட்டையாக வந்தது. உள்ளே நீர் நிற்கிறது என்று அர்த்தம். அடுத்து ஒரு சத்தமில்லாத அறை. "பீப் கேட்டதும் கட்டையை வாளியில் போடணும்" என்று சொல்லிக் கொடுத்தார்கள். வீட்டிலேயே இரண்டு நாள் கைதட்டி, கட்டை போட்டு இந்த விளையாட்டைப் பழக்கிவிட்டுப் போங்கள், அங்கே நேரம் மிச்சம். கண்ணாடிக்கு வெளியே நான் உட்கார்ந்திருந்தேன். கட்டையைக் கன்னத்தோடு வைத்துக்கொண்டு அவள் காத்துக்கொண்டே இருந்தாள். மெல்லிய ஒலிகள் எதற்கும் கை இறங்கவில்லை.

அன்று மருந்து எதுவும் கொடுக்கவில்லை. மூன்று மாதம் கழித்து மறுபடி வரச் சொன்னார்கள். அதற்குள் முகத்துக்கு நேரே நின்று பேச வேண்டும், தாஸ்காவில் முன்வரிசையில் உட்காரவைக்க வேண்டும், டிவியை அணைத்துவிட்டுப் பேச வேண்டும் என்றார்கள். இரண்டாம் தடவை ஒரு காதில் மலை எழும்பியிருந்தது. மூன்றாம் தடவை இரண்டிலும். இரு காதிலும் நீர் மூன்று மாதத்துக்கு மேல் நின்று கேட்பதும் குறைந்திருந்தால் குரோமெட் என்ற மிகச் சின்னக் குழாயைச் செவிப்பறையில் வைக்கலாமா என்று பேசுவார்கள். மயக்க மருந்து கொடுத்துச் செய்வது, சில நிமிட வேலை. பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம், ஒன்றரை வருடத்துக்குள் தானாக விழுந்துவிடும்.

தேதி அன்று போக முடியாவிட்டால் முன்கூட்டியே போன் செய்து மாற்றுங்கள். சளி பிடித்திருக்கிறது என்பதற்காகத் தேதியைத் தள்ளாதீர்கள், கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

11. அடுத்த தடவை வராமலிருக்க

நிமோகோக்கல் தடுப்பூசி 2020 டிசம்பரிலிருந்து அரசாங்கத் திட்டத்தில் இருக்கிறது. 4, 6, 15 மாதத்தில் போடுவார்கள், இலவசம். புத்தகத்தில் மூன்றும் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். எல்லாக் காதுத் தொற்றையும் அது தடுக்காது, ஆனால் முக்கியமான ஒரு கிருமியின் பல வகைகளை அடைக்கும். தாய்ப்பால் ஆறு மாதமாவது. படுக்கவைத்துப் பால் போத்தல் கொடுக்க வேண்டாம். வீட்டுக்குள் சிகரெட் வேண்டாம்; வெளியே நின்று புகைத்துவிட்டு வந்து தூக்குவதும் அதே கணக்குதான். தலை குளிக்கவைத்துச் சாம்பிராணி போடுவதை நாங்கள் வாசலோடு நிறுத்திவிட்டோம்.

12. பெரியவர்களுக்கு வந்தால்

பெரியவர்களுக்கு நடுச்செவித் தொற்று குறைவு. வந்தால் காது அடைப்பு, உள்ளே தண்ணீர் குலுங்குவது போல, தன் குரலே பானைக்குள் பேசுவது போல இருக்கும். கேமரன் மலை ஏறும்போது வருவது போன்ற அடைப்பு, ஆனால் இறங்கிய பிறகும் போகாது. வலி மருந்து, டாக்டர் காதைப் பார்ப்பது, தேவையென்றால் ஆன்டிபயாடிக் என்று வழி ஒன்றுதான். மூக்கைப் பிடித்துக்கொண்டு பலமாக ஊதிப் பார்ப்பது மட்டும் வேண்டாம்.

என் வீட்டுக்காரர் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார், வயது 43. சளி போய் ஐந்து வாரம் ஆகியும் இடது காது மட்டும் அடைத்தே இருந்தது. "லோரி சத்தம்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். நிபுணர் காதைப் பார்த்துவிட்டு, மூக்கு வழியாக மெல்லிய கேமராவை விட்டு அந்தக் குழாயின் வாயைப் பார்த்தார். காதுக்கு வந்தவருக்கு மூக்கில் ஏன் என்று எங்களுக்குப் புரியவில்லை. பெரியவர்களுக்கு ஒரே காதில் நீர் தேங்கி நின்றால் மூக்கின் பின்பக்கம் கட்டி வளர்ந்து குழாயை அடைக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டுமாம். அந்த இடத்தில் வரும் புற்றுநோய் நம் நாட்டில் சீனர்களுக்கும் சரவாக்கின் பிடாயு மக்களுக்கும் அதிகம் என்றாலும் மற்றவர்களுக்கும் வரும். அவருக்கு எதுவும் இல்லை. ஆனால் ஒரு காது மட்டும் வாரக்கணக்கில் அடைத்திருந்தால், கழுத்தில் கட்டியோ மூக்குச் சளியில் இரத்தமோ இருந்தால், ஒரு நாளும் தள்ளாதீர்கள்.

சர்க்கரை உள்ளவர்களுக்குக் கடைசியாக ஒன்று. நம்மில் எத்தனை பேருக்குச் சர்க்கரை என்று சொல்லத் தேவையில்லை. அவர்களுக்கு வெளிக்காதுத் தொற்று எலும்புவரை இறங்கக்கூடும். இரவில் தூங்கவிடாத ஆழமான வலிதான் அடையாளம். என் வீட்டுக்காரருக்கும் சர்க்கரை. காது அரித்தால் மோட்டார் சாவியை விட்டுக் குடைவது அவர் பழக்கம், வளையத்தில் தொங்கும் முருகன் காதோரம் ஆடிக்கொண்டிருப்பார். அந்தச் சாவியை இப்போது வாசலில் ஆணியில் மாட்டச் சொல்லியிருக்கிறேன். உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் காது வலி என்று கிளினிக்குக்குப் போனால் சர்க்கரைப் புத்தகத்தையும் கையில் கொடுத்து அனுப்புங்கள். பதிவு மேசையிலேயே "எனக்குச் சர்க்கரை இருக்கிறது" என்று சொல்லச் சொல்லுங்கள்.